வீங்கிய இமைகளும் ஒரு தலையணை உறையும்

ஒரு மாதமாக என் கண்ணிமைகள் வீங்கி, உலர்ந்து, செதில் உதிர்கின்றன. பார்ப்பவர்களெல்லாம் துக்கம் விசாரிக்கிறார்கள். என் கணவர் போய்ப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. நான் யார் முன்னாலும் அழுததில்லை.

இன்று குரோம்பேட்டையில் கண் மருத்துவரைப் பார்த்தேன். சின்னப் பெண்.

"ரொம்ப அழுறீங்களா ஆன்ட்டி?"

"எனக்கு அந்தப் பழக்கம் இல்லை, டாக்டர்."

"அப்போ அலர்ஜிதான். தலகாணி உறை எப்போ தோச்சீங்க?"

வாராவாரம் திரைச்சீலை வரை தோய்க்கிறவள் நான். ஆனாலும் பொய் சொல்ல வரவில்லை.

"நான் படுக்கிறது அவரோட தலகாணியில. அவர் போனதிலிருந்து அதைத் தோய்க்கலை."

அவள் எழுதுவதை நிறுத்தினாள். "பழைய எண்ணெயும் தூசியும்தான் ஆன்ட்டி. வெந்நீர்ல போட்டுடுங்க. அப்புறம்தான் மருந்து கேக்கும்."

உறை இப்போது வாளிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அவருடைய தலை எண்ணெய் வாசனை நாளடைவில் குறையும் என்றுதான் நினைத்தேன். இந்த மாதம் கூடியிருக்கிறது. சமையலறை வரை வருகிறது. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை.

வெந்நீர் இரண்டு முறை ஆறிவிட்டது. பச்சைத் தண்ணீரில் தோய்த்தால் வாசனை கொஞ்சமாவது மிஞ்சுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஆறுதல் வேண்டாம், தண்ணீரைப் பற்றி மட்டும் எழுதவும்.