பள்ளத்து ஓரத்துக்காரி

மலைச்சாலையின் பள்ளத்துப் பக்கத்து வெள்ளைக்கோட்டை விட்டு விலகாமல் நடக்கிறாள் சுதாராணி. ஹாரன் அடித்து அலுத்துப்போன பஸ் டிரைவர்கள் இப்போதெல்லாம் கையசைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பெருமாள்மலைக் கடையொன்றில் பட்டர் ஃபுரூட் தரம் பிரிப்பது அவள் வேலை. யாராவது "முடியாது" என்றால் போதும், இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அம்மா கொண்டுவந்த சொல் நாக்கில் வந்துவிடும்: "ஏன் ஏலாது?"

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பெருமாள்மலைப் பெண்கள் கால்பந்து அணியின் விங்கர், ஓரத்தில் ஓடி ஆடுகிறவள். அவர்கள் ஆடும் மைதானத்துக்கு ஒரு பக்கம் மலை, மறுபக்கம் முள் மண்டிய பள்ளம். பந்தைப் பள்ளத்தில் விட்டவரே இறங்கி எடுத்துவர வேண்டும் என்பது அங்கே சட்டம். அவர் ஏறி வரும்வரை ஆட்டம் வேறு பந்தில் நடக்கும். அணிக்கு ஓராள் குறைவு. அதனால் அந்த ஓரம் என்றாலே எல்லோருக்கும் கிலி. சுதாராணி அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். முதல் பாதியில் இடது விங், பக்கம் மாறியதும் வலது விங். "பள்ளம் எங்கிட்டு கெடக்கோ, நான் அங்கிட்டு" என்பாள். ஒன்பது வருடங்களில் அவள் காலிலிருந்து ஒரு பந்துகூடக் கீழே போனதில்லை.

அட்டுவம்பட்டி அணியிடம் மட்டும் தொடர்ந்து நான்கு வருடத் தோல்வி. இந்த வருட இறுதியாட்டத்துக்கு முன் பயிற்சியாளர் கந்தவேல், ஜீப் ஓட்டுகிறவர், வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார்.

"இந்தா சுதா, ஒனக்கும் முப்பத்திரண்டாச்சு. இன்னிக்கும் தோத்தா அந்த ஓரத்துக்கு வேற ஆளுதான்."

"ஜெயிச்சா என்னண்ணே செய்வீங்க?"

"ஜெயிச்சா பள்ளத்துல எறங்கி நானே பந்தெடுக்கேன், போ!"

ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் ஆட்டம் முடியப்போகிறது. வலது ஓரத்தில் பந்தோடு வந்தாள் சுதாராணி. எதிரே தேவசேனா, அட்டுவம்பட்டியின் தடுப்பாட்டக்காரி, இவளைவிடப் பத்து வயது இளையவள். பந்தை வெளியே உதைத்துவிட்டால் தேவசேனாவின் வேலை முடிந்தது. காலைத் தூக்கியவள், ஒரு கணம் பள்ளத்தைப் பார்த்துவிட்டாள். அந்த ஒரு கணத்துக்காகத்தான் சுதாராணி ஒன்பது வருடமாக அங்கே குடியிருக்கிறாள். கோட்டின் மேலேயே பந்தைத் தட்டிக்கொண்டு அவளைத் தாண்டினாள், நிமிர்ந்தாள், உள்ளே தூக்கிக் கொடுத்தாள். சத்தியபிரியா தலையால் முட்டினாள். கோல்!

விசில் ஊதியதும், கோல் போட்டவளை அப்படியே விட்டுவிட்டு ஊரே பள்ளத்து ஓரத்துக்கு ஓடியது. "சுதாக்கா! சுதாக்கா!" என்று மலையே அதிர்ந்தது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கந்தவேல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, இரண்டு கைகளையும் விரித்தபடி வந்தார்.

சுதாராணி பந்தை வாங்கினாள். வெள்ளைக்கோட்டின் மேல் வைத்தாள். அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பள்ளத்துக்குள் ஓங்கி ஓர் உதை விட்டாள்.