தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார்கள்

மன்னிக்கவும், இந்தக் குழுவில் மற்றவர்கள் எழுதுவதைப் படித்துவிட்டுப் பேசாமல் போகிறவள் நான். இன்று மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பகலில் சிங்கப்பூரின் தெம்பனிஸில் காப்புறுதி விண்ணப்பங்களைச் சரிபார்க்கிறேன். வேலை முடிந்ததும் தோழிகளோடு பாட்டும் ஆட்டமுமாகக் கேபரே நிகழ்ச்சி தயாரிக்கிறேன். வரும் சனிக்கிழமைக்குத் தேக்காவில் ஓர் உணவகத்தின் மாடியை வாடகைக்குப் பேசியிருந்தோம்.

இன்று அரைநாள் விடுப்பு எடுத்து அங்கே போனேன். உடை மாற்றும் அறைக் கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள்.

"அண்ணே, போன வாரம் தாழ்ப்பாள் இருந்துச்சே?"

"கழட்டிட்டேன் லா. நம்ம ரெகுலர் கஸ்டமர் ரெண்டு பேர், ஷோவுக்கு முன்னாடி உள்ள போய் பொண்ணுங்களுக்கு விஷ் பண்ணணும்னாங்க." உரிமையாளர் சிரித்தார். "மேடையில ஆடுறவங்கதானே தங்கச்சி, உள்ள என்ன வெக்கம்?"

என் பதில் அதைவிட மோசம். தினமும் மின்னஞ்சலில் எழுதும் பழக்கத்தில், "நோட்டட் அண்ணே, தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

ரயிலில் ஏறியதும் எங்கள் பாடகி மாலாவை அழைத்தேன்.

"அந்த ஆளுக்குத் தேங்க்ஸ் வேற சொன்னியாடி?"

"வாய் தானா சொல்லிருச்சு."

"இப்ப கை இருக்குல்ல? டைப் பண்ணு."

சனிக்கிழமை நாங்கள் வரவில்லை என்று உரிமையாளருக்கு எழுதி அனுப்பினேன். சிரிக்கும் முகம் ஒன்று வந்தது. கூடவே, "ஜோக் லா, இதுக்குப் போய் சீரியஸா?"

பார்க்க வருகிறவர்கள் தயார், ஆடுகிறவர்களும் தயார், இடம்தான் இல்லை. சனிக்கிழமை மாலைக்கு ஓர் இடம் தெரிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். மேடை சின்னதாக இருந்தாலும் ஆடிவிடுவோம். ஒரு கதவு மட்டும் உள்ளேயிருந்து பூட்ட முடிய வேண்டும்.