விதை போட்டு வளர்த்த மருதாணி வேலி

மருதாணியை விதை போட்டு வளர்த்து வேலி கட்டப்போகிறேன் என்றதும், என் மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "உனக்கு இன்னாய்யா ஆச்சு? எல்லாரும் குச்சி வெட்டி நடறாங்க. வெரையில வந்த மருதாணி கையில செவக்கவே செவக்காது." ஆந்திர எல்லையோர நகரியில் எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேரும் அதையேதான் சொன்னார்கள். யார் போட்டுப் பார்த்தீர்கள் என்று கேட்டால், "எங்க ஆயா சொல்லும்" என்றார்கள். எனக்கு வீம்பு ஏறிவிட்டது.

வீட்டு முன்னால் என் மனைவிக்கு வேண்டியது காம்பவுண்டுச் சுவர். எனக்கோ பச்சை வேலி. "செடி வளந்து, கையில செவந்துச்சுன்னா வேலி. இல்லன்னா புடுங்கிப் போட்டுட்டு செவுரு கட்டிடுவேன்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். பார்த்துவிடலாம் என்றேன்.

மருதாணி விதை கடுகு மாதிரிப் பொடிசு. அது தெரிந்தும் முதல் தடவை குழி தோண்டிப் புதைத்தேன்; புல்தான் முளைத்தது. அடுத்த தடவை ஊறவைத்து, தினமும் தண்ணீர் மாற்றி, பச்சைப்பயறு முளைகட்டுவதுபோல் ஈரத்துணியில் முடிந்து வைத்தேன். ஊறவைத்தது அவளுடைய தயிர்ச் சட்டியில். அதற்கு வாங்கிய திட்டை இங்கே எழுத முடியாது. பிறகு மணலோடு கலந்து தட்டில் மேலாகத் தூவி, ஈரச் சாக்கால் மூடினேன்.

ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கினால், செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே சாக்கைத் தூக்கிப் பார்ப்பேன். ஒருநாள் தூக்கினால், அடேயப்பா, மணல் முழுக்கப் பச்சைப் பொட்டு! "அடியே, ஓடிவாடி!" என்று நான் போட்ட கூச்சலில் அவள் அலறிக்கொண்டு வந்தாள். "பாம்போன்னு பயந்துட்டேன்யா, இதுக்கா?" என்று திட்டினாள். ஆனாலும் குனிந்து பார்த்தாள். பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள்.

மழை தொடங்கியதும் கன்றுகளை வரிசையாக நட்டேன். அடுத்த வருஷ ஆஷாடத்துக்குள் வேலி இடுப்பளவு வந்துவிட்டது. நம் ஆடியை ஒட்டி வரும் ஆஷாட மாதத்தில் தெலுங்குப் பெண்கள் மருதாணி வைத்தே தீர வேண்டும். எங்கள் தெருவில் தமிழ்ப் பெண்களுக்கும் அந்தப் பழக்கம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என் மனைவி என் வேலியில் இலை பறித்து, புளியும் கொட்டைப்பாக்கும் வைத்து அரைத்து, இரண்டு கையிலும் அப்பிக்கொண்டாள். நான் வேலை இல்லாமலே வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். பின்னே? பெண்டாட்டி கை சிவந்தால்தான் புருஷனுக்குப் பாசம் என்பார்களே. வேலியோடு என் மானமும் அல்லவா போகும்!

சாயங்காலம் கழுவினாள். வெளிறிய ஆரஞ்சு. விடிந்தால்தான் நிறம் ஏறும் என்பது ஊரறிந்தது, இருந்தாலும் இவ்வளவா வெளிறும்? "உன் வூட்டுக்காருக்கு உம்மேல ஆசை இம்மாந்தானா?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்க, தெருவே சிரித்தது. என் மனைவி சிரிக்கவில்லை. "காலையில பாக்கலாம். எதுக்கும் மேஸ்திரிய வரச் சொல்லிக்கீறேன்" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் சாப்பிடாமலே படுத்துவிட்டேன்.

"யோவ்! எழுந்து பாருய்யா!"

கண்ணைத் திறந்தால் முகத்துக்கு நேரே இரண்டு உள்ளங்கைகள். கருஞ்சிவப்பு! அப்படி ஒரு சிவப்பை நான் எந்தக் கையிலும் பார்த்ததில்லை. நான் எழுந்து உட்காருவதற்குள் அவள் தெருவில் இருந்தாள். "அக்கா, வந்து பாருக்கா! எங்க வூட்டுக்காரு வெரை போட்டு வளத்தது!" அக்கா அவள் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து மேஸ்திரியும் கரணையும் நூலுமாக வந்து இறங்கினார். அளவெடுக்க அவர் வேலிப் பக்கம் போகவும், என் மனைவி குறுக்கே பாய்ந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

"பண்டிந்தி மேஸ்திரி, பண்டிந்தி!" சிவந்துவிட்டதாம். அதைத் தெலுங்கில் அவள் கத்திய கத்தலில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. "செவுரெல்லாம் வேணாம். செடி மேல கை வெச்சே, அவ்ளோதான்!"