முதல் போணி

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு ஜூன் மாதத் திங்கட்கிழமை. மதுரை கோச்சடையில், எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த சின்ன நர்சரிப் பள்ளியில் என் மூத்த மகளை முதன்முதலாகக் கொண்டுபோய் விட்ட நாள் அது.

நான் விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேன். பெருமைக்குச் சொல்லவில்லை, வாசலில் நின்று நான் கூப்பிட்டால் பக்கத்துக் கடைக்குப் போகிறவர்களும் ஒரு நிமிடம் நின்று திரும்பிப் பார்ப்பார்கள். துண்டு வாங்க வந்தவரைப் பட்டுச்சேலையோடு அனுப்பி வைத்த ஆள் நான். மூன்றரை வயதுப் பிள்ளையைப் பேசிச் சமாளிப்பதெல்லாம் எனக்கு ஒரு வேலையா என்று வீட்டில் பீற்றிக்கொண்டிருந்தேன்.

என் மனைவிதான் பயந்தாள். காரணம் இருந்தது. நாங்கள் சௌராஷ்டிரக் குடும்பம், வீட்டில் எங்கள் பாஷைதான். மஹால் பக்கம் குடியிருந்தவரை தெரு முழுக்க எங்கள் ஆட்களாக இருந்ததால் பிள்ளைக்குத் தமிழே தேவைப்படவில்லை. கோச்சடைக்கு வந்த பிறகு யாராவது அவளிடம் பேரைக் கேட்டால்கூட என் வேட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வாள். அவளுக்கும் சேர்த்து நானே பதில் சொல்லிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்குக் கூட்டிப்போனால், கல்லாவுக்குப் பக்கத்தில் துணி மூட்டையில் சாய்ந்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். அங்கேயும் வாய் திறக்க மாட்டாள்.

"தாகம் எடுத்தா எப்படிக் கேப்பா? பானின்னு சொன்னா அங்க யாருக்குப் புரியும்?" என்று மனைவி தினமும் கேட்டாள். ஒரு வாரமாக "மிஸ், தண்ணி வேணும்" என்று சொல்லிக் கொடுத்தேன். மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அவ்வளவுதான். "அதெல்லாம் அங்க போனா சொல்லுவா" என்று நான் அடித்துவிட்டேன்.

அடுத்தது ராகு காலம். திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது. பள்ளி தொடங்குவதோ எட்டே முக்காலுக்கு. ராகு காலத்தில் எங்கள் கடையில் புதுத் துணிக்கட்டைக்கூடப் பிரிக்க மாட்டார்கள், பிள்ளையின் படிப்பைத் தொடங்க விடுவோமா? நல்ல நேரத்தில் வலது காலை உள்ளே எடுத்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவது, பிறகு பள்ளி நேரத்துக்குத் திரும்பப் போவது என்று முடிவானது. கைக்குழந்தையோடு வாசலில் நின்ற மனைவி, "நான் வந்தா அழுதுருவேன், நீங்களே போங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஏழு மணிக்கு சைக்கிளில் போய்ப் பள்ளி வாசலில் நின்றோம். பெருக்கிக்கொண்டிருந்த ஆயா எங்களை ஏற இறங்கப் பார்த்தார். மேலூர்ப் பக்கத்துக்காரர் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"என்னண்ணே, இம்புட்டு வெள்ளன வந்துருக்கீக?"

விஷயத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டார். "அதுக்கென்ன, பிள்ள நல்லபடியா காலெடுத்து வைக்கட்டும்" என்று கேட்டைத் திறந்து விட்டார்.

மகள் வலது காலை வைத்தாள். இடது காலையும் வைத்தாள். நேரே ஓடிப்போய் வேப்ப மரத்தடி ஊஞ்சலில் ஏறிக்கொண்டாள். "வா, வீட்டுக்குப் போயிட்டு அப்புறமா வரலாம்" என்று எங்கள் பாஷையில் கூப்பிட்டேன். கெஞ்சினேன், மிட்டாய் வாங்கித் தருகிறேன் என்றேன், மிரட்டியும் பார்த்தேன். ஊஞ்சல் கயிற்றை விடவே இல்லை. ஊரிலுள்ள பிள்ளைகளெல்லாம் உள்ளே போக மாட்டேன் என்று அழும். என் பிள்ளை வெளியே வர மாட்டேன் என்றது. என் வியாபார சாமர்த்தியமெல்லாம் அந்த மரத்தடியில் கப்பலேறிவிட்டது.

"விடுங்கண்ணே, இருந்துட்டுப் போகட்டும்" என்றார் ஆயா. அவளிடம் திரும்பி, "பேரு என்னத்தா?" என்று கேட்டார். என் மகள் ஊஞ்சல் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். வழக்கம்போல நான் பதில் சொன்னேன். அந்த ஒரு கணத்தில் எனக்குப் பகீரென்றது. நான் போன பிறகு யார் சொல்வார்கள்? மனைவி கேட்டதெல்லாம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேசாமல் தூக்கிக்கொண்டு போய்விடலாம், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தேன்.

எட்டரைக்கு மேல் கூட்டம் வந்துவிட்டது. அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு சில பிள்ளைகள், தரையில் உருண்டு புரண்டு சில பிள்ளைகள். ஒரு பையன் அவன் அப்பாவின் தோளில் இருந்தபடி காலை உதைத்து உதைத்து அலறினான். ஒன்றைப் பார்த்து ஒன்று அழ, கேட்டே அதிர்ந்தது. என் மகள் ஊஞ்சலிலிருந்து இறங்கினாள். போச்சு, இவளும் ஆரம்பிக்கப் போகிறாள் என்று நான் கையை நீட்டிக்கொண்டு ஓடினேன்.

அவள் என்னைத் தாண்டிப் போனாள். கேட்டுக்கு ஓரமாக நின்றாள். ஒரு கையை இடுப்பில் வைத்து, மறு கையை உள்பக்கம் வீசி, தொண்டை கிழியக் கூவினாள்.

"வாங்கக்கா வாங்க! வாங்கண்ணே, உள்ள வாங்க! வாங்காட்டியும் பரவால்ல, சும்மா பாத்துட்டுப் போங்க!"

நான் சிலையாகிவிட்டேன். அது என் குரல், என் ராகம், என் கை வீச்சு! துணி மூட்டையில் சாய்ந்திருந்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றுவிடாமல் பிடித்து வைத்திருக்கிறாள். பிள்ளைகளை அழைத்துப்போக வாசலுக்கு வந்திருந்த மிஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அழுதுகொண்டிருந்த தாய்மாரெல்லாம் சிரித்தார்கள். தோளில் அலறிய பையன் அழுகையை நிறுத்திவிட்டு, இது என்னடா புதுசா இருக்கு என்பதுபோல் பார்த்தான். மெல்ல இறங்கி, அவள் கை காட்டிய பக்கம் உள்ளே நடந்தான்.

"உங்க பிள்ளைக்கு முதல் போணி ஆயிருச்சுண்ணே!" என்றார் ஆயா.

அவள் அருகில் குனிந்து, "நான் கெளம்பட்டுமா?" என்று எங்கள் பாஷையில் கேட்டேன். அழுவாள் என்று ஒரு பக்கம் பயம். உண்மையைச் சொல்கிறேன், கொஞ்சமாவது அழ மாட்டாளா என்று ஒரு பக்கம் ஆசை. அவளோ வியாபார மும்முரத்தில் இருந்தாள். வாசல்வரை வந்து கை கூப்பி, நான் எல்லா வாடிக்கையாளர்களையும் அனுப்பி வைப்பதுபோலவே என்னையும் அனுப்பி வைத்தாள்.

"போயிட்டு வாங்கண்ணே. அடுத்த வாட்டி வீட்ல எல்லாரையும் கூட்டிட்டு வாங்க!"

சிரித்துக்கொண்டுதான் சைக்கிளை எடுத்தேன். தெரு முனை திரும்புவதற்குள் கண்ணீர் மறைத்துவிட்டது. இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்தேன்.

அன்று மத்தியானம் எல்லாரையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். மனைவி கைக்குழந்தையோடு வந்து, முதல் வேலையாக ஆயாவிடம், "தண்ணி கேட்டாளா?" என்றாள்.

"கேட்டுச்சுத்தா! காலையில அழுத அந்தப் பயலப் பக்கத்துல ஒக்கார வச்சுக்கிட்டு, 'அக்காக்கு ஒரு தண்ணி குடு'ன்னு எனக்கே ஆர்டரு போடுது. குடுத்தா, அதுவே வாங்கிக் குடிச்சுப்புடுச்சு!"

சேலை எடுக்க வருகிறவர்களை உட்கார வைத்துவிட்டுக் கடைப் பையனிடம் நான் சொல்வது அது. மனைவி சிரித்தாள், பிறகு அழுதாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது.

அந்தப் பிள்ளை இன்று வெளியூரில் வேலை பார்க்கிறாள். ஒவ்வொரு முறையும் ரயில் ஏற்றிவிடும்போது மனம் கனக்கத்தான் செய்கிறது. நான் இன்னமும் அதே கடை வாசலில் நிற்கிறேன். "போயிட்டு வாங்க" என்று வாய் ஓயாமல் சொல்கிறேன். முன்பெல்லாம் அது வாயில் வரும் வெறும் வார்த்தை. அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு, போகிறவர்கள் திரும்பி வருவார்கள் என்று நம்பியே சொல்கிறேன்.