சின்னவனுக்குச் சாப்பாடு

ஏழாலையில் எங்கள் வீட்டு வளவுக்கு அடுத்த வளவு மார்க்கண்டு அண்ணையுடையது. வெங்காயமும் புகையிலையும் செய்த தோட்டக்காரர். அதிகம் கதைக்காதவர். அவருடைய மனைவி குணலட்சுமி, எனக்குக் குணமக்கா. கல்யாணமாகிப் பதினாறு வருடமாகியும் அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி இருவரும் வாய் திறந்து நான் கேட்டதில்லை. நான் அப்போது கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்தேன்.

1986 ஆவணியில் குண்டுவீச்சுக்குப் பயந்து ஊரே பதுங்குவதற்குப் பங்கர் வெட்டியது. மார்க்கண்டு அண்ணை தன் வளவின் பின்பக்கத்தில் வெட்டினார். அங்கே ஒரு பழைய புற்று இருந்தது. மண்வெட்டி அதன் அடியில் இறங்கியபோது ஐந்து முட்டைகள் வெளியே வந்தன. மூன்று உடைந்துவிட்டன. உடும்பு முட்டை என்று சொல்லி, மிச்ச இரண்டையும் எறியப் போனார். குணமக்கா ஓடி வந்து சேலைத் தலைப்பில் ஏந்திக்கொண்டார். புற்று மண்ணையே ஒரு பானையில் நிரப்பி, முட்டைகளை அதற்குள் வைத்து, அடுப்படி மூலையில் சூடு படும்படி விட்டார்.

ஏழெட்டு மாதம் அந்தப் பானை அங்கே இருந்தது. குணத்துக்கு இப்போதுதான் மாதம் ஏறுகிறது என்று ஊர்ப் பெண்கள் கிணற்றடியில் சொல்லிச் சிரித்தார்களாம். அது அவர் காதுக்கும் எட்டியது. பானையை மட்டும் அவர் அசைக்கவில்லை. அடுத்த சித்திரையில் ஒரு காலை மண் பிளந்து, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு தலைகள் நாக்கை நீட்டின. முதலில் வந்ததைப் பெரியவன் என்றும் பிந்தியதைச் சின்னவன் என்றும் கூப்பிட்டார். மார்க்கண்டு அண்ணை முகத்தைச் சுளித்தாலும், பழைய கோழிக்கூட்டுக்குப் புதிய கம்பிவலை அடித்துக் கொடுத்தார்.

குணமக்கா அவற்றுக்கு ஊட்டியதைப் பார்த்திருக்கிறேன். சுன்னாகம் சந்தையில் விளைமீன் வாங்கி, அவித்து, நகத்தால் ஒவ்வொரு முள்ளாகப் பிடுங்குவார். மெத்தென்ற சதையை மட்டும் சின்னச் சின்னதாகப் பிய்த்து வைப்பார். பெரியவன் பேராசைக்காரன், தன் பங்கையும் தம்பியின் பங்கையும் தின்றுவிடுவான். சின்னவன் பசி தாங்காமல் கூட்டுக்குள் வருகிற கரப்பான், பூச்சி எல்லாவற்றையும் பிடித்துத் தின்றான். குணமக்காவுக்கு அதனால் கவலை. கண்டதையும் தின்கிறானே என்று அவனுக்காகத் தனியாக இன்னொரு தட்டு வைக்கத் தொடங்கினார்.

நாலு மாதத்தில் பெரியவனுடைய தாடை வீங்கியது. தொட்டால் ரப்பர் மாதிரி இருந்தது. பின்னங்கால் இரண்டும் நடுங்கி, பிறகு இழுபட்டன. குணமக்கா அதைப் பனையோலைக் கடகத்தில் வைத்துக்கொண்டு மாட்டு வைத்தியர் பரமலிங்கத்தாரிடம் போனார். சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனவன் நான். அங்கே பசுக்களோடு நின்றவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். வைத்தியர் சிரிக்கவில்லை. பெரியவனின் காலைத் தடவிப் பார்த்துவிட்டு, என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். குணமக்கா பெருமையோடுதான் சொன்னார், ஒரு முள் கூட இல்லாமல் கொடுக்கிறேன் என்று.

பரமலிங்கத்தார் பெரியவனைத் திரும்பக் கடகத்துக்குள் வைத்தார்.

"அக்கா, முள்ளிலைதான் அதுக்குச் சீவன் இருக்கு. வெறும் சதையைக் குடுத்தால் எலும்பு கரைஞ்சு போகும். எலியெண்டால் முழு எலி. மீனெண்டால் தலையோடை, முள்ளோடை. உடும்பு உரிச்சுத் தின்னிற சாதியில்லை."

பெரியவன் அதற்குப் பிறகு பதினொரு நாள் இருந்தான். கடைசி நாட்களில் அவனால் வாயைத் திறக்க முடியவில்லை. குணமக்கா அதைப் புதைத்த இடத்தில் நின்று, "நான்தான் பிடுங்கினனான், ஒவ்வொண்டாய்," என்றார்.

அன்றிலிருந்து சின்னவனுடைய சாப்பாடு அந்த வீட்டில் ஒரு ஒழுங்காயிற்று. வைத்தியர் சொன்னதை எல்லாம் குணமக்கா ஒரு கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டினார். தோட்டத்தில் பொறி வைத்துப் பிடித்த எலி, கிழமைக்கு இரண்டு. மழைக்கு வருகிற நத்தை. மருந்து அடிக்காத பாத்தியில் பிடித்த வெட்டுக்கிளி. சூடை மீன் கிடைத்தால் முழுதாக, ஆனால் மீன் மட்டுமே தொடர்ந்து கொடுக்கக்கூடாது. முட்டை கொடுத்தால் அதன் மேலோடான கோதையும் இடித்துத் தூளாக்கி மேலே தூவவேண்டும். வெயில் ஏறியதும் கூட்டைத் திறந்து முற்றத்தில் விடவேண்டும், சூடு ஏறாத உடும்புக்குத் தின்றது செமிக்காது. வெள்ளிக்கிழமைகளில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் அந்த வீட்டுக்குள் வராது என்பதால் சின்னவனும் அன்று பட்டினி. வளர்ந்த உடும்புக்கு ஒருநாள் பட்டினி நல்லதென்று வைத்தியரும் சொல்லிவிட்டார்.

சின்னவன் வளர்ந்தான். மூன்று வருடத்தில் இரண்டு முழத்துக்கு மேல் நீளம், வாலில் சாட்டை மாதிரிப் பலம். ஆளைக் கண்டு ஓட மாட்டான். காலடிச் சத்தம் கேட்டால் சாப்பாடு என்று நினைத்து எதிரே வருவான். சந்தைக்குப் போகிறவர்கள் வேலிக்கு மேலால் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

குணமக்காவுக்குச் சலரோகம் இருந்தது. இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தார். ஆனால் தேத்தண்ணிக்கு இரண்டு கரண்டி சீனி போடாமல் குடிக்க மாட்டார், மாம்பழக் காலத்தில் கணக்கே இல்லை. சங்கக்கடையில் அவருடைய பங்குச் சீனியை நான் வேண்டுமென்றே குறைத்துக் கொடுத்துப் பார்த்தேன், சண்டை பிடித்து வாங்கிக்கொண்டு போனார். பரமலிங்கத்தாரும் ஒருநாள் சொன்னார், இந்த உடும்புக்குப் பார்க்கிற பத்தியத்தில் பாதியைத் தனக்குப் பார்க்கலாமே என்று. எனக்கென்ன, நான் கிழவி ஆகிவிட்டேன் என்று குணமக்கா சிரித்தார். அப்போது அவருக்கு நாற்பத்தொரு வயது.

1990 இல் மறுபடி சண்டை தொடங்கியதும் கரண்ட் போயிற்று. பொருட்களைக் கொண்டுவரத் தடை வந்தது. சீனி, சவர்க்காரம், மண்ணெண்ணெய் என்று எல்லாமே இல்லாமல் போயின. மருந்தும் அப்படித்தான். இன்சுலின் சில மாதம் வரும், சில மாதம் வராது. வந்ததை ஈரமணல் போட்ட மண் முட்டிக்குள் வைத்துக் காப்பாற்றினார் மார்க்கண்டு அண்ணை. 1992 ஐப்பசியில் கிணற்றடிக் கல் வெட்டிக் குணமக்காவின் கால் பெருவிரலில் சின்னக் காயம். அது ஆறவேயில்லை. கார்த்திகை முடிய முழங்கால் வரை கறுத்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அங்கே இன்சுலின் முடிந்து எட்டு நாள் ஆகியிருந்தது.

கடைசியாக நான் பார்க்கப் போன அன்று அவருக்கு நினைவு வந்து வந்து போனது. மார்க்கண்டு அண்ணையின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"கோதை நல்லாய்த் தூளாக்கிப் போடுங்கோ. பெருசாய் இருந்தால் அவன் துப்பிப்போடுவான்."

"ஓம், போடுறன்."

"மறந்து போயிடுவியள்."

"மறக்கமாட்டனப்பா."

மறுநாள் காலை குணமக்கா போய்விட்டார்.

செத்தவீடு முடிந்து நாலு நாள் மார்க்கண்டு அண்ணை சின்னவனுக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை. மறதி இல்லை அது. கூட்டுக்கு முன்னால் கதிரையைப் போட்டு, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் எலிப்பொறியை எடுக்கப் போனபோது, விடு என்று கையைக் காட்டினார். எனக்குப் பயமாக இருந்தது, ஆனால் அவரோடு வாதாட மனம் வரவில்லை. ஐந்தாம் நாள் காலை வேலிக்கு மேலால் பார்த்தேன். ஈரத்தில் முழங்காலில் நின்று வாழைக் கட்டைகளைப் புரட்டி நத்தை பொறுக்கிக்கொண்டிருந்தார். கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

"தனக்கு ஒருநாளும் பார்க்காத பத்தியத்தை உந்த உடும்புக்குப் பார்த்தவள், தம்பி," என்றார். "கோவம் வந்திட்டுது. உந்தச் சீவனிலை பிழை என்ன கிடக்கு?"

அதன்பின் மூன்று வருடம் அவர் ஒரு நாளும் தவறவில்லை. முன்பு அந்த உடும்பைத் தொடவே அருவருத்தவர். வெங்காயத்தைக் கொடுத்து அயலில் முட்டை மாறுவார். தான் அந்த முட்டையில் ஒன்றைக்கூடச் சாப்பிடமாட்டார். கோதை அம்மியில் அரைத்து, சலித்து, போத்தலில் போட்டு வைத்திருந்தார். அந்தக் கலண்டர்த் தாள் புகையில் கறுத்து எழுத்தே தெரியாமல் போன பிறகும் அதைச் சுவரிலிருந்து கழற்றவில்லை.

1995 ஒக்டோபர் முப்பதாம் தேதி, இராணுவம் நெருங்கி வந்ததால், எங்கள் ஊர் இருக்கும் வலிகாமம் முழுவதையும் விட்டு எல்லோரும் போகவேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கொட்டும் மழை. மார்க்கண்டு அண்ணை சின்னவனை வெங்காயச் சாக்குக்குள் விட்டு, சைக்கிள் கரியரில் கட்டினார். ஹாண்டிலில் இரண்டு சேட்டும் ஒரு கேத்திலும் தொங்கின. நாவற்குழிப் பாலத்தைக் கடக்க எங்களுக்கு ஒரு இரவும் அரை நாளும் எடுத்தது. சனத்துக்குள் நெரிபட்டு நின்றபோதெல்லாம் அவர் கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சாக்கைத் தடவிப் பார்த்தார்.

கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. ஒரு வகுப்பறைக்குள் ஒன்பது குடும்பம். எங்களுக்குப் பக்கத்தில் அருமைநாயகி என்று ஒரு தாய், மூன்று பெண்பிள்ளைகளோடு இருந்தார். புருஷன் இல்லை. ஒரு நேரம் கஞ்சி, ஒரு நேரம் பருப்புச் சோறு. பிள்ளைகள் பசியில் முனகுவது எல்லோருக்கும் கேட்கும்.

மார்க்கண்டு அண்ணை மழைக்குள் போய் வயல் வரம்பில் நத்தையும் நண்டும் பிடித்து வருவார். சின்னவன் நாக்கை நீட்டிப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிடுவான். இரண்டு கிழமையாக வெயிலே இல்லை. அதன் உடம்பு கல் மாதிரிக் குளிர்ந்து கிடந்தது. சேட்டுக்குள் விட்டு வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருப்பார். ஆட்கள் பார்த்தார்கள். நல்ல இறைச்சி, அண்ணை, என்று ஒருவர் சும்மா சொல்வதுபோலச் சொல்லிவிட்டும் போனார்.

விட்டுவிடச் சொன்னது நான்தான். வெளியே விட்டால் தானே ஒரு பொந்தைத் தேடிக்கொள்ளும், வெயில் வரும்போது காயும், தனக்கு வேண்டியதைத் தின்னும் என்றேன். அவர் ஒரு நாள் முழுக்க யோசித்தார். கார்த்திகை நடுவில் மழை விட்டு வெயில் எறித்த ஒரு காலை, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பனைகள் அடர்ந்து நின்ற பனங்கூடலுக்குப் போனோம். சாக்கை அவிழ்த்தார். சின்னவன் வெளியே வந்து வெயிலில் படுத்துக் கொஞ்சம் சூடு ஏறியதும் எழுந்தான். காட்டுப் பக்கம் போகவில்லை, அவருடைய காலடிக்கு வந்தான். இரண்டு தரம் தூக்கிக்கொண்டு போய்த் தள்ளி விட்டார். இரண்டு தரமும் திரும்பி வந்தான். மூன்றாந் தரம் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடக்கச் சொல்லி என் கையைப் பிடித்து இழுத்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம் அருமைநாயகி ஒரு பீங்கான் தட்டை வாழையிலையால் மூடிக்கொண்டு எங்களிடம் வந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் கண்டதில்லை.

"அண்ணை, கனநாளைக்குப் பிறகு பிள்ளையள் இறைச்சி சாப்பிட்டதுகள். பனங்கூடலுக்கை விறகு பொறுக்கப் போன இடத்திலை உடும்பு ஒண்டு. ஓடவே இல்லை. எங்களுக்குக் கிட்ட வந்தது. உங்களுக்கும் கொஞ்சம் எடுத்து வைச்சனான்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய கண் மூலையில் கிடந்த வெறும் சாக்கில் விழுந்தது. குரல் இறங்கியது.

"உங்கடையோ அண்ணை?"

மார்க்கண்டு அண்ணை அந்த மூன்று பிள்ளைகளையும் பார்த்தார். சின்னவள் விரலை நக்கிக்கொண்டிருந்தாள்.

"இல்லைப் பிள்ளை," என்றார். "என்ரையை நான் தூரத்திலை, வரணிப் பக்கம் கொண்டுபோய் விட்டிட்டன். இது வேறை."

"அப்ப கொஞ்சம் சாப்பிடுங்கோவன்."

"நான் மச்சம் விட்டுக் கனகாலம். பிள்ளையளுக்கு இராவைக்கு வையுங்கோ."

முந்தின நாள்தான், யாரோ கொடுத்த கருவாட்டுக் குழம்பை என்னோடு சாப்பிட்டவர். அருமைநாயகி நிம்மதியாகப் பீங்கானை எடுத்துக்கொண்டு போனார்.

மார்க்கண்டு அண்ணை எழுந்து வெளியே போய்ப் பள்ளிக்கூட மதிலோடு குந்தினார். நானும் போய்ப் பக்கத்தில் இருந்தேன். அவர் சொன்னார்:

"என்னத்தைக் குடுக்கிறது, எவ்வளவு குடுக்கிறதெண்டு எல்லாம் பாத்தம், தம்பி. மனிசரைக் கண்டால் ஓடவேணுமெண்டு மட்டும் நாங்கள் சொல்லிக் குடுக்கேல்லை."

நான்தான் விடச் சொன்னேன் என்று சொல்லி அழுதேன். அவர் என் முதுகைத் தடவினார், ஆனால் இல்லை என்று சொல்லவில்லை.

உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர் இரண்டு நாள் எழும்பவில்லை. காய்ச்சல் என்று அருமைநாயகி கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார், அதை மட்டும் குடித்தார். அந்தக் கிழமை நிவாரண அரிசி கொடுத்தபோது அவருடைய பங்கையும் நான்தான் வரிசையில் நின்று வாங்கினேன்.