அக்காவின் கட்டுரையை இழுத்துப் பார்த்தவர்

கதிர்வேல் சார் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது அப்பா முதலில் சொன்னது, "எதுக்கும் நல்லா விசாரிங்க" என்பதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. நான் சாப்பாட்டு மேசையில் அறிவியல் படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் கைபேசிக்கு யாரோ அனுப்பியிருந்தார்கள். இரவு நெஞ்சுவலி, மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்று இருந்தது. அப்பா நம்பவில்லை. "அந்த மனுசன் வேண்டாத ஆளுக கூப்புட்டா போனை அமத்தி வெச்சுக்கறவரு. இதும் அந்த மாதிரி என்னமோ" என்று சொல்லிவிட்டு, சாரின் எண்ணுக்குத் தானே அழைத்துப் பார்த்தார். ஒரு பெண் அழுதுகொண்டே எடுத்தார். அப்பா கேட்டுவிட்டு, கைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

ஒருவருடைய மரணத்தைக்கூடச் சந்தேகப்பட்ட குடும்பமா என்று நீங்கள் நினைக்கலாம். அவரை அறிந்தவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள். அவரும் எங்களைச் சந்தேகத்தோடுதான் பார்த்தார்.

எம்.பி.ஏ. படிக்க விண்ணப்பிப்பவர்களுக்கு ஆலோசனை சொல்வது அவருடைய தொழில். அதற்கு முன்னால் வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்கும் பையர்களுக்கான ஒரு பையிங் ஆபீஸில் குவாலிட்டி பார்த்தவர். ஏற்றுமதிக்குக் கட்டி வைத்த பெட்டிகளில் நடுவிலிருந்து ஒன்றை உருவிப் பிரித்து, பனியனின் தோள்பட்டைத் தையலை இரண்டு கட்டைவிரலாலும் பிடித்து இழுத்துப் பார்த்து, போகலாம் அல்லது போகக்கூடாது என்று சொல்லும் வேலை. காசு வாங்கிக்கொண்டு சரக்கை விட்டுவிடுவார்கள் என்ற பேச்சால், எங்கள் ஊரில் அந்த வேலையில் இருந்தவரை யாரும் எளிதில் நம்புவதில்லை.

என் அக்கா நித்யா, முதலிபாளையத்தில் இருக்கும் எங்கள் பனியன் கம்பெனியில் இரண்டு வருடம் வேலை பார்த்தவள். பெரிய பிசினஸ் ஸ்கூல் ஒன்றில் படிக்க வேண்டும் என்றாள். அப்பா ஒரே ஒரு வருடம்தான் கொடுத்தார். "இந்த வருசம் கெடைக்கலீன்னா மறுபடி அந்தப் பேச்சே எடுக்கப்படாது. பேசாம கம்பெனிய பாரு" என்றார். தேர்வில் அவளுக்கு நல்ல மதிப்பெண். மீதி இருந்தது கட்டுரையும் நேர்காணலும்.

கோயம்புத்தூரில் கண்ணாடி வைத்த ஒரு கன்சல்டன்ட் அலுவலகத்துக்கு அப்பா எங்களை அழைத்துப் போனார். சுவர் முழுக்கச் சிரித்த முகங்கள். "சீட் கேரண்டி சார். கட்டுரை எல்லாம் எங்க ஆளுகளே எழுதிருவாங்க" என்றார்கள். அப்பாவுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. எங்கள் தொழிலே அப்படித்தானே? நூல் நாம் வாங்குவோம். அதைத் துணியாகப் பின்னி ஓட்டுவது ஓர் இடம், சாயம் போடுவது ஓர் இடம், பிரின்ட் அடிப்பது ஓர் இடம். கடைசியில் வெட்டித் தைத்து லேபிள் வைப்பது மட்டும் நம் கூரையின் கீழ். "மார்க்கு நம்ம புள்ளை வாங்குனது. கட்டுரைய ஜாப் ஒர்க்குக்கு உட்டா என்ன தப்பு?" என்று காரில் வரும்போது கேட்டார். அடுத்த வாரம் அக்கா, தோழி ஒருத்தியிடம் விசாரித்து, கதிர்வேல் சாரை வீட்டுக்கு வரச்சொன்னாள்.

பழைய ஸ்கூட்டரில் வந்தார். விசிட்டிங் கார்டு இல்லை.

"ஆபீஸ் எங்கீங்க?" என்று அப்பா கேட்டார்.

"இந்தப் பைதானுங்க."

"கட்டுரை நீங்க எழுதிக் குடுத்துருவீங்களா?"

"நான் ஒரு வரி எழுத மாட்டனுங்க."

"அப்பறம் எதுக்குங்க நீங்க?"

"அம்மணி எழுதுனதைப் பிரிச்சுப் பாக்கறதுக்குங்க. இப்போதைக்கு வேற யாரையும் கையில எடுக்கலீங்க. இவங்க ஒருத்தருதான்."

அவர் போனதும் அப்பா, "எழுதவும் மாட்டாராமா, உறுதியும் சொல்ல மாட்டாராமா. ஆனா நம்ம ஊட்டுக் கதையெல்லாம் கேப்பாராமா!" என்றார். அன்றிலிருந்து அம்மா எனக்கு ஒரு வேலை வைத்தார். "நீ பக்கத்துலயே உக்காந்து படி கண்ணு. அவரு என்ன கேக்கறாருன்னு காதுல வாங்கிக்க."

முதல் நாளே மாட்டிக்கொண்டேன். "என்ன படிக்கற கண்ணு?" என்றார். வரலாறு என்றேன். "வந்ததுல இருந்து பக்கம் திரும்பவே காணோமே. பெரிய போர் போலிருக்குது" என்றார். அக்கா சிரித்துவிட்டாள்.

அவர் வேலை செய்யும் விதம் விசித்திரமாக இருந்தது. அக்கா எழுதிய தாளை எடுத்து இரண்டு ஓரங்களையும் பிடித்து, பனியனை இழுப்பது போலவே விறைப்பாக்குவார். நடுவில் ஒரு வரியில் விரல் வைப்பார். "'சிறு வயதிலிருந்தே எனக்குத் தலைமைப் பண்பு உண்டு.' இதைப் பக்கத்து ஊட்டுப் புள்ளை எழுதியிருக்க முடியுமா அம்மணி?" அக்கா முடியும் என்பாள். "அப்ப எடுத்துருங்க." இப்படியே ஒரு பக்கத்தில் இரண்டு வரி மிஞ்சும் நாட்களும் உண்டு. அக்கா குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

பிறகு கம்பெனியைப் பார்க்க வேண்டும் என்றார். அப்பாவின் சந்தேகம் உச்சிக்குப் போனது. எந்த பையருக்குத் தைக்கிறோம் என்று வெளியாள் தெரிந்துகொண்டால், நாளையே குறைந்த விலைக்கு வேறு யாராவது போய் நிற்பார்கள். அதனால் வெளியாட்கள் வரும்போது லேபிள்களை மறைப்பது எல்லாக் கம்பெனியிலும் உள்ள வழக்கம். அன்றும் மேனேஜர் எல்லா மேசைகளையும் துணி போட்டு மூடியிருந்தார். நானும் கூடப் போயிருந்தேன். சார் சுற்றிப் பார்த்துவிட்டு மேனேஜரிடம், "ஏனுங்க, மேசையெல்லாம் போர்வை போத்தித் தூங்க வெச்சுட்டீங்க. அட்டைப்பெட்டி முழிச்சுட்டு இருக்குதே?" என்றார். வாசலோரம் நின்ற பெட்டியில் பையரின் பெயர் கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது. மேனேஜருக்கு முகம் வெளுத்துவிட்டது. சார் குனிந்து, அந்தப் பெட்டியைத் தானே சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். "நான் பாக்கலீங்க" என்றார்.

அப்பாவிடம் சொன்னேன். "பாத்துட்டுத்தானே திருப்புனாரு?" என்றார்.

அன்று அக்காவிடம் அவர் ஒரு கேள்விதான் கேட்டார். "இந்தக் கம்பெனியில நீங்க பண்ணுன பெரிய தப்பு என்னங்க அம்மணி?" பல நாள் கழித்து அக்கா அதற்குப் பதில் எழுதினாள். ஒரே நிறமாக இருந்தாலும், தனித்தனியாகச் சாயம் போட்ட துணிகள் தனித்தனி லாட்டு. ஒரு பனியனுக்குள் இரண்டு லாட்டு கலக்கக்கூடாது. கப்பலுக்கு நேரமாகிவிட்டதென்று அக்கா ஒரு தடவை, உடம்புக்கு ஒரு லாட்டும் கைக்கு வேறு லாட்டும் வெட்டச் சொல்லிவிட்டாள். டியூப் லைட்டில் வித்தியாசம் தெரியவில்லை. பையரின் ஆள் நிறம் சோதிக்கும் விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. சரக்கை வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள். அப்பா கட்டிங் மாஸ்டரைத் திட்டியபோது அக்கா பேசாமல் நின்றிருக்கிறாள். மறுநாள்தான் உண்மையைச் சொன்னாள். அந்த ஒரு நாளைப் பற்றித்தான் கட்டுரை. சார் தாளை நெடுநேரம் இழுத்துப் பிடித்திருந்துவிட்டு, ஒரு வரியிலும் விரல் வைக்காமல் கீழே வைத்தார். அதுதான் அவருடைய பாராட்டு என்று பிறகு புரிந்தது.

அப்பாவுக்கு அது பாராட்டாகப் படவில்லை. "நம்ம சரக்கு ரிஜெக்ட் ஆயிருச்சுன்னு நாமளே எழுதிக் குடுப்பமா? அந்தாளு பழைய பையிங் ஆபீஸுக்காரன். இதைக் கொண்டு போய் எங்க காட்டுவானோ" என்றார். கண்ணாடி அலுவலகத்தில் சொல்லி வேறு கட்டுரை எழுதி வாங்கினார். அக்காவின் கோப்பில் இருந்ததை எடுத்துவிட்டு அதை வைத்தார். எங்களுக்குத் தெரியாது.

அடுத்த முறை சார் வந்த அன்று, அக்கா கம்பெனியிலிருந்து வரத் தாமதமானது. சார் அதற்குள் கோப்பைத் திறந்து படித்துவிட்டார். அக்கா உள்ளே நுழைந்ததும், "இதை எழுதுனது யாருங்க?" என்றார். அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே, தாளைப் பார்க்காமல், "நாந்தான் சார்" என்றாள்.

"ஒடம்பு ஒரு லாட்டு, கை ஒரு லாட்டு, அம்மணி. நான் இனி வரலீங்க." பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அக்கா தாளை எடுத்துப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அவர் தொலைக்காட்சியில் விளம்பரத்தை மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, என்னைய பொய்க்காரியாக்கிப் போட்டீங்களே" என்றாள். விண்ணப்பிக்கக் கடைசி நாள் நெருங்கியிருந்தது.

மறுநாள் காலை அப்பா என்னை அழைத்துக்கொண்டு சாரைத் தேடி அவிநாசிபாளையம் போனார். "நாளைக்கு அவரு மாத்திப் பேசுனா நீ சாட்சி" என்றார். சார் சாலையோரப் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கட்டுரைய வெச்சது நாந்தானுங்க. பொண்ணுக்கு ஒன்னும் தெரியாது."

"தெரியுமுங்க."

"எப்புடிங்க?"

"அதுல உங்களைத் தொலைநோக்குப் பார்வை உள்ளவருன்னு போட்டிருந்துச்சுங்க. உங்க பொண்ணு எழுதுனதுல, நடந்துட்டே எல்லா ஃபேன் சுச்சையும் அமத்தறவருன்னு இருந்துச்சு."

அப்பா சிரிக்கக்கூடாது என்று பார்த்தார், முடியவில்லை. "தெரிஞ்சேவா எந்திரிச்சுப் போனீங்க?"

"நீங்க வர்றீங்களான்னு பாத்தனுங்க. ஊட்டுக்கே புடிக்காத கட்டுரைய அந்தப் புள்ளை இன்டர்வியூல போய் எப்புடிங்க காப்பாத்தும்?"

அப்பா டீயை முடித்துவிட்டு, விடாமல் இன்னொன்று கேட்டார். "பையிங் ஆபீஸ எதுக்குங்க உட்டீங்க?"

"சொன்னா நம்ப மாட்டீங்க. உடுங்க."

அக்காவின் சொந்தக் கட்டுரையே போனது. நேர்காணலுக்கு அழைப்பும் வந்தது. அதற்குள் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

துக்க வீட்டில் வாசலில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அப்பா உட்கார்ந்த வரிசையில் அவரைப் போலவே நாலைந்து அப்பாக்கள். மெல்லப் பேச்சு வந்தது. "என்ற பையனுக்கு அவருதானுங்க பாத்தாரு. வேற யாரையும் எடுக்கலீன்னு சொன்னாரு" என்றார் ஒருவர். அடுத்தவர் நிமிர்ந்து பார்த்தார். "எங்கிட்டயும் அதையேதானுங்க சொன்னாரு." எல்லோரிடமும் அதையே சொல்லியிருந்தார். ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். பையிங் ஆபீஸ் பற்றியும் பேச்சு வந்தது. காசுக்குக் கை நீட்டியதால் அனுப்பினார்கள் என்றார் ஒருவர். கை நீட்டாததால் இருக்க முடியவில்லை என்றார் இன்னொருவர். நான் இரண்டையும் நம்பவில்லை. இப்போதும் நம்பவில்லை.

நேர்காணலில் அக்காவிடம், "இதை வேறு யாராவது எழுதிக் கொடுத்தார்களா?" என்று கேட்டார்களாம். "ஒருவர் உதவினார். அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. ஒரு தடவை நான் எழுதாத தாளைக் கோப்பில் பார்த்ததும் எழுந்தே போய்விட்டார்" என்று சொல்லிவிட்டு, லாட்டு மாறிய கதையை அவள் மறுபடியும் சொல்லியிருக்கிறாள்.

போன வாரம் இடம் கிடைத்ததாக மின்னஞ்சல் வந்தது. அக்கா சத்தமாகப் படித்தாள். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "இது நெசந்தானா? இரு, சாரைக் கேட்டுப்போடலாம்" என்று கைபேசியை எடுத்து அவருடைய எண்ணையும் தொட்டுவிட்டார். பிறகுதான் நினைவு வந்து நிறுத்தினார். அப்பா எழுந்து, நடந்துகொண்டே கூடத்து ஃபேனை அணைத்துவிட்டுப் போனார்.

கதிர்வேல் சாரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்தச் சந்தேகத்தைத்தான். இந்த அஞ்சலியை முதலில் எழுதியபோது, தன்னலமற்றவர் என்றும் நேர்மையின் உருவம் என்றும் எழுதியிருந்தேன். தாளின் இரண்டு ஓரங்களையும் பிடித்து இழுத்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரருக்கும் அந்த வரிகள் பொருந்தின. எடுத்துவிட்டேன். அவர் நேர்மையானவரா என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. பெட்டியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்து "நான் பாக்கலீங்க" என்று சொன்னதை மட்டும் என் கண்ணால் பார்த்தேன். அந்த வரியை எவ்வளவு இழுத்தாலும் தையல் விடவில்லை.