ரயில் கடக்கும்வரை எஸ்தர் டீச்சர்

எஸ்தர் டீச்சரின் சவப்பெட்டிக்குத் தலைமாட்டில் ஒலிபெருக்கி வைத்து வேறொரு பெண்ணின் குரலைப் பாட விட்டார்கள். பாட்டு டீச்சருடையது. குரல் சினிமாவுடையது. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போட்டார்கள். இது தவறு. தெரிந்து செய்தார்களா, தெரியாமல் செய்தார்களா என்று நான் ஆராயப் போவதில்லை. தவறு தவறுதான்.

சனிக்கிழமை காலை செய்தி வந்ததும் அந்தப் பாட்டோடுதான். கைப்பேசியில் யாரோ வைத்திருந்த ஸ்டேட்டஸில் டீச்சரின் படம். கழுத்தில் விசில், பின்னால் பள்ளி மைதானம். நான் பிறந்தநாள் வாழ்த்து என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். படத்தின் மூலையில் இருந்த சிலுவையைப் பார்த்த பிறகும் எனக்கு உறைக்கவில்லை. எங்கள் குழுவில் டோலக் வாசிக்கும் குமரேசனைக் கூப்பிட்டேன்.

"மெய்தான் அண்ணாத்த. காபி போட எய்ந்தவங்க அப்டியே அடுப்பாண்ட குந்திட்டாங்களாம். அவ்ளோதான். நான் அவுங்க வூட்டாண்டதான் கீறேன். நீ வா."

முந்தின நாள்தான் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலிருந்து டீச்சர் பேசியிருந்தார். "அண்ணா, இங்க ஒரு லாந்தர் மாட்டியிருக்கு. கண்ணாடி முழுசா இருக்கு. நம்ம பழசு மாதிரி ஒரு பக்கம் சப்பையா இல்ல. வாங்கிடறேன். ஒத்திகைக்கு நாள் சொல்லுங்க, சும்மா தள்ளிப் போடாதீங்க." எங்கள் பழைய நாடகத்தை மறுபடி மேடையேற்றலாம் என்று நாங்கள் பேசி முடித்திருந்தோம். நான் நாள் சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அப்படிப் பேசியவர் மறுநாள் பெட்டிக்குள் இருந்தார். இதை எழுதும்போதும் எனக்கு அது பொருந்தி வரவில்லை.

இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேர் 'மதகுக்காரி' நாடகத்தை மேடையில் பார்த்தவர்கள். மீதிப் பேர் படத்தை மட்டும் பார்த்துவிட்டு நாடகத்தையும் பார்த்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பவர்கள். அவர்களுக்காகக் கதையைச் சொல்கிறேன். வெள்ள இரவு. ஏரிக்கரை உடையாமல் இருக்க மதகைத் திறந்துவிடப் போகிறான் ஒருவன். திரும்பவில்லை. மனைவி லாந்தரோடு கரையில் நின்று அவனைக் கூப்பிடுகிறாள். "கரையேறி வாய்யா" என்று தொடங்கும் அந்தப் பாட்டுக்கு மெட்டுப் போட்டவன் நான். யாரிடமும் இசை படித்தவனில்லை. லேத் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டே ஆர்மோனியத்தைத் தடவித் தடவிப் பழகினேன். அந்த மனைவியாக நடித்துப் பாடிய டீச்சரும் சங்கீதம் படித்தவரில்லை. குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர். மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகிய மூச்சு அது.

நாங்கள் நாடகம் போட்ட மன்றம் ரயில் பாதையை ஒட்டியது. முதல் நாள், பாட்டின் நடுவில் தாம்பரம் போகும் மின்சார ரயில் வந்துவிட்டது. கூரைத் தகரம் அதிர்ந்தது. நான் ஆர்மோனியத்திலிருந்து கையை எடுத்துவிட்டேன். குமரேசனும் நிறுத்திவிட்டான். டீச்சர் நிறுத்தவில்லை. பாதிச் சொல்லில் நின்ற வாயை மூடி, அதே சுருதியில் முனகிக்கொண்டு, லாந்தரை உயர்த்தி இருட்டைப் பார்த்தார். ரயில் சத்தத்தில் அவர் குரல் யாருக்கும் கேட்கவில்லை. ரயில் போகப் போக, அந்த முனகல் அடியிலிருந்து மேலே வந்தது. நிறுத்தவே இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. மீதிச் சொல்லைப் பாடி முடித்தார். முன் வரிசையில் ஒரு ஆள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

திரை விழுந்ததும் நேரே என்னிடம் வந்தார்.

"ஏன் அண்ணா கைய எடுத்தீங்க?"

"ரயில் வந்துச்சே டீச்சர்."

"வந்த ரயில் போகாதா? அவ புருஷன் தண்ணில போயிருக்கான். ரயில் வருதுன்னு கூப்பிடறத நிறுத்துவாளா?"

குமரேசன் டோலக்கை உறையில் போட்டபடி, "டீச்சர், அடுத்த வாட்டி எக்ஸ்பிரஸ் வந்தா இன்னா பண்ணுவே? மூச்சு முட்டி நீயும் பூடுவே" என்றான். "ஓட்டப் பந்தயத்துக்குப் புள்ளைங்கள ரெடி பண்றவ நான். உன்ன மாதிரி பீடி குடிக்கறவன்னு நெனச்சியா?" என்று அவன் முதுகில் ஒன்று வைத்தார்.

அதன் பிறகு ரயிலும் எங்கள் குழுவில் ஒரு ஆள் ஆகிவிட்டது. ஒரு நாள் முதல் அடியில் வரும். ஒரு நாள் கடைசிச் சொல்லில் வரும். எங்கே வந்ததோ அங்கே பிடித்து நிற்பார். ஒரு நாள் நின்ற இடத்தில் மறுநாள் நின்றதில்லை. ஜனங்கள் அதற்காகவே திரும்பத் திரும்ப வந்தார்கள். பாட்டு முடிந்ததும் "ஒன்ஸ் மோர்" என்று மன்றமே கத்தும். வேறு பாட்டுக்கெல்லாம் திரும்ப வந்து பாடுகிறவர், இதற்கு மட்டும் வரவே மாட்டார். ஒருமுறை மன்றத் தலைவரே உள்ளே வந்து கேட்டார். "போனவன அவ ஒரு தடவதான் கூப்பிடுவா, சார். ரெண்டாந்தரம் கூப்பிட்டா அது கச்சேரி" என்று சொல்லிவிட்டார்.

பிறகு அது சினிமா ஆனது. அந்தப் படத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அதற்கு விளம்பரம் போதும். படத்தில் புருஷன் உயிரோடு திரும்பி வருகிறான். பாட்டு மூன்று முறை வருகிறது, கடைசியில் பெயர்கள் ஓடும்போது உட்பட. கொட்டுகிற மழையில் கதாநாயகியின் லாந்தர் அணையவே இல்லை. அந்த முனகலும் இருக்கிறது. மூன்று முறையும் ஒரே சொல்லில், ஒரே நீளத்தில். ரயில் இல்லை. எதற்காக அவள் பாட்டை நிறுத்தி முனகுகிறாள் என்று படத்தில் யாருக்கும் தெரியாது. படத்தின் இசையமைப்பாளர் எங்கள் மன்றத்தில் முன் வரிசையில் உட்கார்ந்து நாடகத்தைப் பார்த்தவர். அந்த முனகல் தனக்குத் தியானத்தில் கிடைத்தது என்று பேட்டியில் சொன்னார். படத்தில் நல்லதே இல்லையா என்று கேட்பீர்கள். மழை நன்றாக இருந்தது.

டீச்சரோடுதான் அந்தப் படத்தைப் பார்த்தேன். முனகல் வந்ததும் நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். தியேட்டர் அமைதியாக இருந்தது. அவர் என் காதருகே, "அண்ணா, ரயில் எங்க அண்ணா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நான்கு பேர் திரும்பிப் பார்த்து உஸ் என்றார்கள். வெளியே வந்து நான் கத்தினேன். அவர் வேர்க்கடலை வாங்கி என் கையில் கொட்டினார். "பாட்ட எடுத்துட்டுப் போயிட்டாங்க, சரி. ரயில எடுத்துட்டுப் போக முடியாதில்ல? மறுபடி மேடையில போடுவோம். வந்து பார்க்கட்டும்." அவர் அன்றே அதை விட்டுவிட்டார். நான் விடவில்லை, இன்றும் விடவில்லை.

சனிக்கிழமை அந்த வீட்டில் ஒலிபெருக்கியை நான்தான் நிறுத்தினேன். டீச்சரின் தம்பி மகன் சாமுவேல் ஓடி வந்தான். ஏதோ கம்பெனியில் மேனேஜர், பொறுப்பானவன்.

"அத்தையோட பாட்டுதானே அங்கிள்?"

"பாட்டு உங்க அத்தையோடது. குரல் யாரோடது?"

"அத்தை பாடின ரெக்கார்டிங் உங்ககிட்ட இருந்தா குடுங்க அங்கிள். இப்பவே போடறேன்."

என்னிடம் இல்லை. குமரேசனைப் பார்த்தேன். இல்லை என்று தலையை ஆட்டினான். எங்களில் ஒருவரும் பதிவு செய்யவில்லை. அடுத்த வாரம் மறுபடி பாடப் போகிறவரை யார் பதிவு செய்வார்கள்? உலகத்தில் எங்கேயும் அந்தக் குரல் இல்லை என்பது, பெட்டியைப் பார்த்தபோது அல்ல, அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எதிரே அலமாரி மேல் அந்தப் புது லாந்தர், சந்தையில் சுற்றிக் கொடுத்த செய்தித்தாள் பிரிக்காமல் இருந்தது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மன்றத்தில் நினைவுக் கூட்டம். படத்தைத் திரையிட ஏற்பாடு நடப்பதாகச் சொல்கிறார்கள். நடக்கக் கூடாது. என்ன நடக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

மன்றத்தின் செயலாளர் படம் போடும் திரையைக் கழற்றி உள்ளே வைக்க வேண்டும். ரயில் பாதைப் பக்கத்து ஜன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும். ஏசி வேண்டாம்.

சாமுவேல் லாந்தரைக் கொண்டுவந்து, ஏற்றி, மேடை நடுவில் அவன் கையாலேயே வைக்க வேண்டும். பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது.

குமரேசன் பீடியை வெளியே போட்டுவிட்டு வர வேண்டும்.

டீச்சரிடம் படித்தவர்கள், படம் பார்த்துப் பாட்டைக் கற்றவர்கள், எவ்வளவு நன்றாகப் பாடினாலும், யாரும் பாட வேண்டாம். மெட்டை மட்டும் ஆர்மோனியத்தில் நான் வாசிப்பேன். ஒரு முறை. ஒன்ஸ் மோர் கேட்காதீர்கள்.

நடுவில் ரயில் வரும். என் ஆர்மோனியம் உங்களுக்குக் கேட்காது. முடிந்துவிட்டது என்று எழுந்துவிடாதீர்கள். அது கடந்து போகும்வரை உட்கார்ந்திருங்கள். இந்தத் தடவை நான் கையை எடுக்க மாட்டேன்.